டெரியின் ஏழாவது பாட்டும் என் வலது கையும்

அன்றைக்கு ஐஸ் பக்டரிக்குள் இருந்தவர்கள்:

டெரி. பாட்டும் கிட்டாரும். ஐம்பத்தேழு வயது. தொண்டையில் சத்திரசிகிச்சை செய்தவர்.

ரவி சேர். பேஸ் கிட்டார். பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறவர். வெள்ளைச் சட்டையோடுதான் வருவார்.

ஜூட். டிரம்ஸ். டெரியின் மைத்துனர். தச்சு வேலை.

ஹனீபா ஹாஜியார். பக்டரிச் சொந்தக்காரர். காத்தான்குடி. வாசலில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார்.

நான், யோகன். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சரில் இருந்தேன்.

எங்கள் ஒலி வாடகைக்காரர் சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று கேட்டார்கள். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். முப்பத்திரண்டு வருடம் இந்த வேலை செய்கிறேன். அதில் ஒரு பிழையைப் பற்றி எழுதுகிறேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு உதவும்.

1. தொடாதே

செல்லையா அண்ணனின் சவுண்ட் கடையில் நான் சேர்ந்த முதல் நாள், புளியந்தீவில் ஒரு சேர்ச் ஹோலில் பகல் நிகழ்ச்சி. எனக்குப் பத்தொன்பது வயது. சைக்கிள் கடையில் இருந்து வந்தவன். வயர் சுற்றத் தெரியும். வேறு ஒன்றும் தெரியாது.

அப்போது கரண்ட் ஒழுங்காக இல்லை. ஜெனரேட்டர்தான். பாதி நிகழ்ச்சியில் எண்ணெய் முடிகிற மாதிரி இருந்தது. அண்ணன் கேனைத் தூக்கினார்.

"நான் போய் எண்ணெய் எடுத்து வாறன். நீ ஒண்டையும் தொடாத. விளங்கிச்சா?"

"ஓம்."

அவர் போனதும் மூன்று பேர் மேடையில் ஏறினார்கள். நடுவில் நின்றவர் டெரி. இந்த ஊர்ப் பறங்கி ஆள். சட்டையில் ஒரு கையை வெட்டி எடுத்திருந்தார். பாடத் தொடங்கினார். பாட்டு என்று சொல்ல முடியாது. மூன்று பேரும் சேர்ந்து கதவை உடைக்கிற மாதிரி இருந்தது. சொற்கள் தமிழ்தான். அதைப் பங்க் என்று சொல்வார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

கடைசிப் பாட்டில் மைக்கை எடுத்துக்கொண்டு ஒலிபெருக்கி ஹோர்னுக்கு நேரே நடந்தார். தொழிலில் இல்லாதவர்களுக்குச் சொல்கிறேன். மைக்கில் போகிற சத்தம் ஹோர்னில் வரும். அது திரும்ப மைக்கில் போகும். அப்படிச் சுற்றிச் சுற்றி ஏறும். அதைக் கூவல் என்போம். எங்கள் தொழிலில் அதைவிட வெட்கம் இல்லை.

கூவியது. பாதர் இரண்டு காதையும் பொத்தினார். முன் வரிசைப் பெண்கள் எழும்பினார்கள். டெரி கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நான் தொடவில்லை. தொடாதே என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தது.

அதற்கு முன் எனக்குப் பாட்டில் ஆசை இருந்ததில்லை. அன்றைக்கு உடம்பு முழுக்க மயிர் நின்றது. காய்ச்சல் வருகிறது என்று நினைத்தேன்.

அண்ணன் கேனோடு ஓடி வந்து திருகியை இறக்கினார்.

"செவிடா நீ?"

"தொடாத எண்டீங்க."

"வீடு எரிஞ்சாலும் தொட மாட்டியா கா?"

டெரி மேடையில் இருந்து சொன்னார்: "அண்ணன், பெடியன ஏசாதீங்க. இண்டைக்குச் சரியாச் செஞ்சவன் அவன் ஒராள்தான்."

"உனக்கு விசர். இவனுக்கும் தொத்திட்டுது" என்றார் அண்ணன். பிறகு என்னைப் பார்த்து, "நாளைக்கு வரக்குள்ள கையையும் கொண்டு வா" என்றார்.

அண்ணனின் செட்டில் ஒரு கசற் டெக் இருந்தது. நடக்கிறதெல்லாம் அதில் பதியும். அந்தப் பாட்டும் பதிந்திருந்தது. டெரி வந்து பிரதி எடுத்துப் போனார். அதுதான் அவருடைய முதல் கசற். எனக்கும் ஒன்று எடுத்து வைத்தேன்.

2. கை பழகியது

பிறகு அண்ணன் எனக்குக் கையைப் பழக்கினார்.

"கூவினா என்ன செய்வாய்?"

"எந்த மைக் எண்டு பாப்பன்."

"நீ பாத்து முடிய மாப்பிள்ளை எழும்பி ஓடிருவான். முதல்ல மாஸ்டர இறக்கு. நாலு எண்ணு. மறுகா மெல்ல ஏத்து. எந்த மைக் எண்டு மறுகா பாக்கலாம்."

மாஸ்டர் என்பது மிக்சரின் வலது ஓரத்தில் இருக்கிற கட்டை. அதை இறக்கினால் எல்லாச் சத்தமும் ஒன்றாக நிற்கும். அண்ணன் கலியாணம், கோயில், கூட்டம், செத்த வீடு எல்லாவற்றிலும் என்னை அந்தக் கட்டையில் கை வைத்தபடி இருத்தினார். சாப்பிடும்போது இடது கையால் சாப்பிடச் சொன்னார். அம்மாவுக்குத் தெரிந்தபோது அவருக்கு ஏச்சு விழுந்தது.

சில வருடத்தில் பழகியது. கூவல் வருமுன் மைக்கில் ஒரு சின்ன இழுவை வரும். மற்றவர்களுக்குக் கேட்காது. எனக்கும் கேட்கிறதில்லை. கைக்குத்தான் கேட்கும். என் கை இருக்கிற இடத்தில் கூவல் வராது என்று பெயர் வந்தது. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் அந்தப் பெயருக்காகவே கூப்பிட்டார்கள்.

என் கலியாணத்தில் மைக்கைப் பார்த்தவன் வேறு ஒருவன். ஐயர் மந்திரம் சொல்லும்போது அந்த இழுவை வந்தது. மணவறையில் இருந்த என் வலது கை தானாக முன்னால் போனது. ஐயர் அதைப் பிடித்துத் திரும்ப மடியில் வைத்தார். மனைவி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

இது நல்ல பழக்கம். இப்போதும் புதியவர்களுக்கு இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன்.

3. டெரி போனார்

டெரி மொத்தம் மூன்று கசற் வெளியிட்டார். மூன்றும் என்னிடம் இருக்கின்றன. பிறகு அவுஸ்திரேலியா போனார். அந்தக் காலத்தில் போனவர்களிடம் ஒருவரும் காரணம் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. கோழி வெட்டுகிற பக்டரியில் வேலை என்று ஜூட் சொன்னார். பாட்டு இல்லை என்றும் சொன்னார்.

புது ஹோர்ன் கட்டினால் நான் டெரியின் முதல் கசற்றைப் போட்டுத்தான் சோதிப்பேன். அது தாங்கினால் எதையும் தாங்கும். ஒருமுறை களுதாவளையில் ஒரு கலியாண வீட்டில் போட்டேன். பெண்ணின் தகப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"தம்பி, இது கலியாண வீடு. வயல் வட்டைக்க யானைக்கு வெடி போடுற மாதிரி என்ன சத்தம் இது?"

நிறுத்தினேன். ஆனால் கூவல் வருகிற இடம் முடிந்த பிறகுதான் நிறுத்தினேன். கசற்றில் வருகிற கூவலுக்குக் கை போவதில்லை. அதை மட்டும் முழுதாகக் கேட்கலாம். நேரில் அப்படி ஒன்றை நான் அதற்குப் பிறகு கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று மட்டும் இருந்தது.

பதினெட்டு வருடம் போனது. செல்லையா அண்ணன் இறந்தார். கடை என் கைக்கு வந்தது.

4. திரும்பி வந்தது

போன வருடம் ஒரு காலையில் கடைக்கு முன்னால் திரீவீலர் நின்றது. மொட்டைத் தலை. கழுத்தில் துணி. கையில் சுடுதண்ணீர்ப் போத்தல்.

"யோகனா?"

"ஓம்."

"நரைச்சுப் போனாய்."

"நீங்க அதுவும் இல்லாமப் போனீங்க."

டெரி சிரித்தார். சத்தம் வரவில்லை. குரல் மெதுவாக, காய்ந்து வந்தது. தொண்டையில் வெட்டியிருக்கிறார்கள். பேசலாம், கத்தக் கூடாது என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார்.

"ஏழு பாட்டு வெச்சிருக்கன். கத்தினா ஒரு நாளைக்கு ஒருக்காத்தான் தாங்கும். மறுகா அடுத்த நாள். ஏழு பாட்டுக்கு ஏழு நாள். எட்டாம் நாள் பிளைட்."

"கொழும்பில நல்ல ஸ்டூடியோ இருக்கு, அண்ணன்."

"அங்க எல்லாத்தையும் துடைச்சுத் தாறாங்கள். எனக்கு அந்த சேர்ச் ஹோல் மாதிரி வேணும். எல்லாரும் ஒரே அறையில. உன்ட ஹோர்ன் உள்ளுக்கு. மிக்சரில இருந்து நேரா ரெக்கோடருக்கு. பிறகு ஒண்டும் கூட்டிக் குறைக்கிறதில்ல."

"அண்டைக்கு எனக்கு வேலை தெரியாது."

"அதான் வேணும். அந்த ஆள்தான் வேணும்."

எனக்குச் சந்தோசமாக இருந்தது. அவர் சொன்னதை நான் யோசித்துப் பார்க்கவில்லை. யோசித்திருக்க வேண்டும்.

5. ஐஸ் பக்டரி

வாவிக் கரையில் மூடிக் கிடந்த ஐஸ் பக்டரியை ஜூட் பிடித்தார். குளிர் அறைச் சுவரில் அரை அடிக்குத் தக்கை. வெளிச்சத்தம் உள்ளே வராது. உள்ளே இருக்கிறது வெளியே போகாது என்றுதான் நினைத்தோம்.

முதல் நாள் முதல் பாட்டு முடிய, ஹனீபா ஹாஜியார் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றார்.

"பாட்டா படிக்கிறயள்? ஆரோ கொம்பிரசரத் திருப்பி ஓட்டிட்டான் எண்டல்லவா ஓடி வந்தன்!"

"பாட்டுத்தான் ஹாஜியார்" என்றார் ரவி சேர்.

"நீங்களும் இதுக்கயா சேர்? எங்கிட மகனுக்கு நீங்கதானே கணக்குப் படிப்பிக்கிறது?"

"ஓம்."

"அவன் பெயிலாகிறது ஏன் எண்டு இப்ப விளங்கிச்சு."

அடுத்த நாள் அவரே கதிரை கொண்டு வந்து வாசலில் போட்டார். கட்டடத்தைப் பார்க்க வந்தேன் என்றார். ஏழு நாளும் வந்தார். லுஹர் தொழுகைக்கும் அஸர் தொழுகைக்கும் இடையில்தான் எங்கள் வேலை. பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற நேரத்தில் இந்தப் பக்கத்தில் ஒரு சவுண்ட்காரனும் செட் போட மாட்டான். நேரம் நெருங்கினால் ஹாஜியார் விரலைத் தூக்குவார்.

ஒரு நாளைக்கு ஒரு பாட்டு. காலையில் டெரி வாய் திறக்க மாட்டார். சுடுதண்ணீர் குடிப்பார். இரண்டு மணிக்கு எழும்பி நிற்பார். ஒருமுறை பாடுவார். முடிந்ததும் கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு போய் தோணி கட்டுகிற கல்லில் இருப்பார். அன்றைக்கு அவ்வளவுதான்.

ஆறு நாளில் ஆறு பாட்டு முடிந்தது. ஆறும் சரி. குரல் பழைய குரல் இல்லை. தகரத்தில் ஆணி இழுக்கிற மாதிரி இருந்தது. பழையதைவிட எனக்குப் பிடித்தது. அவரிடம் சொல்லவில்லை.

6. ஏழாவது நாள்

ஏழாவது பாட்டின் பெயர் வரிசை. எண்ணெய்க்கு நின்றது, பாஸ்போட்டுக்கு நின்றது, வெளிநாட்டில் கந்தோர் கந்தோராக நின்றது, எல்லாம் அதில் இருக்கும். முன்னால ஆர், பின்னால ஆர், நடுவில நான் என்று திரும்பத் திரும்ப வரும். கடைசியில் கவுண்டரில் இருக்கிற கந்தோர்க்காரன் கூப்பிடுகிற மாதிரி "அடுத்தது!" என்று ஒரு கத்தல். கத்திக்கொண்டே மைக்கோடு ஹோர்னுக்கு நேரே நடப்பார். கூவும். அந்தக் கூவலோடு பாட்டும் கசற்றும் முடியும்.

அதற்காகத்தான் கடலைத் தாண்டி வந்தேன் என்று முந்தின நாளே சொன்னார்.

"கூவும். நீ தொடாத."

"ஓம்."

செல்லையா அண்ணனும் அன்றைக்கு அதே சொல்லைத்தான் சொன்னார். நானும் அதே பதிலைத்தான் சொன்னேன்.

இரண்டு மணி. ஜூட் நான்கு தட்டினார். டெரி தொடங்கினார். ஆறு நாளும் மிச்சம் பிடித்து வைத்ததை எல்லாம் அன்றைக்குக் கொட்டினார். கழுத்து நரம்பு கயிறு மாதிரி நின்றது. ரவி சேரின் வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டியது. ஹாஜியார் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். நான் நினைத்தது இது ஒன்றுதான். இதோ வரப்போகிறது. இவ்வளவு வருடத்துக்குப் பிறகு.

"அடுத்தது!" என்று கத்தினார். நடந்தார்.

சத்தம் நின்றது.

நான் ஹோர்னைப் பார்த்தேன். வயர் கழன்றுவிட்டதோ என்று பார்த்தேன். பிறகு கையைப் பார்த்தேன். என் வலது கை மாஸ்டரை அடி வரைக்கும் இறக்கியிருந்தது. இறக்கிவிட்டு மெல்ல ஏற்றிக்கொண்டும் இருந்தது.

ஏற்றி முடிந்தபோது கூவல் இல்லை. டெரி மூச்சு வாங்குகிறது மட்டும் ஹோர்னில் வந்தது.

"கரண்ட் போயிட்டா மனே?" என்று கேட்டார் ஹாஜியார்.

ஜூட் குச்சிகளைக் கீழே வைத்தார்.

"நான்தான். கை போயிட்டுது, அண்ணன்" என்றேன்.

டெரி ஏசவில்லை. ஏசக் குரல் வைத்திருக்கவில்லை. சுடுதண்ணீர் ஊற்றிக் குடித்தார். பிறகு ஒரு விரலைக் காட்டினார். இன்னொருக்கா.

"வேணாம், மச்சான்! டொக்டர் என்ன சொன்னவர்?" என்றார் ஜூட்.

"நாளைக்குக் காலம வெள்ளண எடுப்பம்" என்றார் ரவி சேர்.

டெரி தலையாட்டி மறுத்தார். காலையில் கொழும்பு வான் வருகிறது. ஜூட் குச்சியை எடுக்கவில்லை. டெரி போய் அந்தக் குச்சிகளை எடுத்து அவர் கையில் வைத்தார்.

மூன்று மணி தாண்டித்தான் இரண்டாம் தடவை. நான் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேல் இருந்தேன். முதல் தடவையே அப்படி இருந்திருக்க வேண்டும். பாட்டு நடந்தது. பாதிக்குப் பிறகு குரல் காற்றாகப் போனது. "அடுத்தது" என்கிற இடத்தில் வாய் மட்டும் அசைந்தது. ஹோர்னுக்கு நடந்தார். கூவியது. முழுதாகக் கூவியது. என் வலது கை தொடைக்குக் கீழே இழுத்துக்கொண்டு கிடந்தது. எழும்பவிடவில்லை. பாங்கு நேரம் என்று ஹாஜியார் விரலைத் தூக்கும் வரை கூவவிட்டேன்.

நான் காத்திருந்த சத்தம் அதுதான். மயிர் நிற்கவில்லை.

7. எது?

டெரிக்குப் பேச வரவில்லை. இரண்டையும் போட்டுக் கேட்டோம். கேட்டு முடிய போனை எடுத்து எழுதிக் காட்டினார்.

எது?

ரவி சேரையும் ஜூட்டையும் பார்க்கவில்லை. என்னிடம்தான் நீட்டினார்.

இரண்டாவதைச் சொன்னால் என் பிழை ஒருவருக்கும் தெரியவராது. அதில் கூவல் சரியாக இருக்கிறது. என் பெயரும் கெடாது. முதலாவதைச் சொன்னால் அந்த வெட்டு உலகம் இருக்கும் வரை அதில் இருக்கும். கேட்கிற சவுண்ட்காரன் எவனும் எவன்டா மிக்சரில் இருந்தவன் என்று கேட்பான்.

"முதலாவது" என்றேன்.

ஏன் என்று கையால் கேட்டார்.

"முதலாவதில நீங்க இருக்கிறீங்க. ரெண்டாவதில என்ட ஹோர்ன் மட்டும்தான் இருக்கு."

டெரி தலையாட்டினார். பிறகு இரண்டாவதை அழிக்கச் சொல்லிக் காட்டினார். நானே அழித்தேன்.

அடுத்த நாள் காலையில் போனார்.

நான்கு மாதத்துக்குப் பிறகு பார்சல் வந்தது. அங்கே கசற் அடித்திருக்கிறார். போனிலும் கேட்கலாமாம். எனக்குக் கசற்தான் வந்தது. உறையில் ஐஸ் பக்டரியின் படம். உள்ளே இருந்தவர்களின் பெயர்கள். பாட்டு, கிட்டார்: டெரி. பேஸ்: ரவி. டிரம்ஸ்: ஜூட். கதிரை: ஹாஜியார். கை: யோகன்.

ஹாஜியாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடி போட்டு இரண்டு தரம் வாசித்தார். "எங்கிட பேரப் போட்டிருக்கான் பாரன்" என்றார். தனக்கு ஒன்று வேண்டும் என்று கேட்டார். அவர் வீட்டில் கசற் போடுகிற பெட்டி இல்லை.

கேட்ட இளம் ஆட்கள் அந்தச் சத்தம் நிற்கிற இடத்தைத்தான் பெரிதாகச் சொல்கிறார்கள். அடுத்தது என்று கூப்பிட்ட பிறகு ஒன்றும் இல்லை, அதுதான் அந்தப் பாட்டின் பொருள் என்று ஒருவர் எனக்கே விளக்கம் சொன்னார். நான் ஓம் என்றேன்.

டெரிக்குப் பேச்சுத் திரும்ப வந்துவிட்டது. கத்த வரவில்லை. இனி வராது என்று ஜூட் சொல்கிறார். அந்த இரண்டாம் தடவைதான் காரணமா என்று வைத்தியருக்கும் சொல்லத் தெரியவில்லை. எனக்கும் தெரியாது. என் கை இறங்காமல் இருந்திருந்தால் இரண்டாம் தடவை இருந்திருக்காது. இது மட்டும் தெரியும். போனில் அவரிடம் இதைச் சொன்னேன். "நான் தொடாத எண்டு சொன்னன். உன்ட கைக்குச் சொல்லேல்ல. அது என்ட பிழை" என்றார். அதை நான் ஏற்கவில்லை.

புதியவர்களுக்குச் சொல்வது இதுதான். கையைப் பழக்குங்கள். பழகாத கையோடு கலியாண வீட்டுக்குப் போகாதீர்கள். ஆனால் கூப்பிட்டவருக்கு என்ன வேண்டும் என்று வேலைக்கு முன்னால் கேளுங்கள். பழகிய கைக்கு அங்கே வேலை இல்லை என்றால் மிக்சரில் வேறு ஆளை இருத்துங்கள். ஆள் இல்லையென்றால் கைக்கு மேலே இருங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

அந்தக் கசற்றைப் போட்டுத்தான் இப்போது புது ஹோர்ன் சோதிக்கிறேன். ஏழாவது பாட்டில் அந்த இடம் வந்ததும் மணிக்கூட்டைப் பார்ப்பேன். இறக்கியதில் இருந்து ஏற்றத் தொடங்கியது வரை. ஒவ்வொரு முறையும் ஒரே கணக்குத்தான், செல்லையா அண்ணன் எண்ணச் சொன்ன அதே கணக்கு.

நான்கு விநாடி.